நாற்பத்தைந்து ராத்தல் வில்லும் எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லும்

வேலையில் சேர்ந்தபோது இருதயம், நுரையீரல், பல், கண், குடலிறக்கம் உண்டா இல்லையா என்பது வரை எல்லாவற்றுக்கும் அரசாங்கம் என்னிடம் சான்றிதழ் கேட்டது. முப்பத்து மூன்று ஆண்டு கழித்து, ஐம்பத்தைந்து வயதில் வீட்டுக்கு அனுப்பியபோது மேசைச் சாவியை மட்டும் கேட்டது. உள்ளே வந்த சரக்கு எந்த நிலையில் வெளியே போகிறது என்று குறித்துக்கொள்ள ஒரு படிவம்கூட இல்லை. ஆயுளைக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகக் கழித்தவன் என்பதால் இந்தக் குறைபாடு என் கண்ணில் பட்டது. வேறு யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அது மலாயாவுக்கு மெர்டேக்கா கிடைத்த ஆண்டு. நாட்டுக்கு விடுதலையும் எனக்கு ஓய்வும் சில வார இடைவெளியில் வந்தன. நாடு தன் விடுதலையை என்ன செய்வது என்று முன்பே யோசித்து வைத்திருந்தது. நான் யோசிக்கவில்லை.

வெள்ளைக்கார அதிகாரிகள் கப்பலேறும் அவசரத்தில் வீட்டுச் சாமான்களை லேலோங் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் கஜா பெராங் பகுதியில் பாதி வீடுகளில் அப்படி ஏலத்தில் வந்த ஏதாவது ஒன்று இன்றும் இருக்கும். ஒரு குதிரைப் படம், அல்லது மலாக்கா வெயிலில் பூச்சிக்கு மட்டும் பயன்படும் கம்பளிக் கோட்டு. நானும் என் நண்பரும் அப்படி ஓர் ஏலத்துக்கு மின்விசிறி வாங்கப் போய், இரண்டு வில்லோடும் ஒரு கட்டு அம்போடும் திரும்பினோம். நண்பர் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெசராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், இரண்டு சுற்றுப் பருத்தவர். வில்லின் கைப்பிடிக்கு மேலே 45 என்று மையால் எழுதியிருந்தது. முழுதாக இழுத்துப் பிடிக்க நாற்பத்தைந்து ராத்தல் பலம் வேண்டும் என்று அர்த்தம். நாங்கள் அதைச் சாமான் எண் என்று நினைத்தோம்.

துப்பாக்கிக்கு அந்தக் காலத்தில் ஆயிரம் கட்டுப்பாடு. வில்லுக்கும் இருக்கும் என்று நம்பி, விண்ணப்பக் கடிதத்தை மூன்று பிரதி எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவர் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்கு ஃபாரம் இல்லைங்க ஐயா.”

“இல்லையென்றால் நானே ஒன்று வரைந்து தரட்டுமா?”

“ரிட்டயர் ஆகி எத்தனை நாளாச்சு?”

“மூன்று வாரம்.”

“அதான்,” என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

எங்களுக்கு மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டுக்காரர். மலாக்கா செட்டி. முன்னோர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. கோயிலில் விபூதி பூசுவார், வீட்டில் மலாய் பேசுவார். நாங்கள் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர்கள் என்பதால் எங்களை ‘அபாங்’ என்பார், அண்ணன் என்று பொருள். பத்து பெரெண்டாம் என்ற ஊரில் அவருக்கு ஒரு மரவள்ளித் தோட்டம் இருந்தது. ரப்பர் காட்டிலிருந்து பன்றிகள் இறங்கி வந்து, அவர் பிடுங்குவதற்கு முன் பிடுங்கிக்கொண்டிருந்தன. எங்களிடம் வில் இருப்பது தெரிந்ததும் வரச் சொன்னார். எங்களை அழைத்ததற்காக அவர் வருந்த அதிக நேரம் ஆகவில்லை.

முதல் வேட்டை ஒரு சனிக்கிழமை மாலை. புதருக்குள் குந்தியிருந்தோம். பன்றி வந்தது. டிரெசர் வில்லைப் பாதிதான் இழுத்தார். அதற்கு மேல் கை வரவில்லை. பாதி இழுத்த வில்லிலிருந்து போன அம்பு பன்றியின் பின்தொடையில் ஏதோ ஊசி போட்டதுபோல் நின்றது. பன்றி எங்கள் பக்கம் திரும்பியது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, அரசாங்கத்துக்கு மொத்தம் அறுபத்தெட்டு ஆண்டு உழைத்த இரண்டு பேர் ஒரே ரம்புத்தான் கிளையில் உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கீழே பாராங் கத்தியோடு தனியாக நின்றார். பன்றி அவரைப் பார்த்துவிட்டு, நல்ல வேளையாக, ஓடிவிட்டது.

காயம்பட்ட அந்தப் பன்றியைத் தேடிப் பிடித்துக் கதையை முடிக்க அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் வேலியோரம் வந்து நின்றார்.

“அபாங், என் மனைவி அங்கே தனியாகக் கிழங்கு பிடுங்குகிறாள். அரைகுறையாகக் குத்துப்பட்ட பன்றி யாரென்று பார்க்காது. இழுக்க முடியாவிட்டால் வராதீர்கள்.”

மலாயில் இதை மிக மரியாதையாகச் சொல்ல முடியும். அவரும் மரியாதையாகத்தான் சொன்னார். அதனால் இன்னும் உறைத்தது.

அன்று மாலையே உட்கார்ந்து விதிமுறை எழுதினேன். ஆங்கிலத்தில் டைப் செய்து, மூன்று பிரதி. ஒவ்வோர் ஆண்டும் தைப்பூசத்துக்கு மறு ஞாயிறு தேர்வு. நாற்பத்தைந்து ராத்தல் வில்லைத் தாடை வரை இழுத்து, பத்து எண்ணும் வரை பிடித்து, இருபது தப்படியில் தொங்கும் தேங்காய் மட்டையில் அடிக்க வேண்டும். மூன்று முறை. எண்ணுவது மற்ற உறுப்பினரின் பொறுப்பு. தவறினால் வில்லைத் தோட்டத்து உரிமையாளரிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த தேர்வு வரை தோட்டத்துப் பக்கம் வரக்கூடாது. மேல்முறையீடு கிடையாது.

மேல்முறையீடு கிடையாது என்பதை யாரை நினைத்து எழுதினேன் என்று படிக்கிற எவருக்கும் விளங்கும். டிரெசருக்கும் விளங்கியது. கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “என்னைக் கழிச்சுக் கட்ட இவ்வளவு காகிதமா கிராணி?” என்றார்.

முதல் தைப்பூசத்துக்குள் அவர் தேறிவிட்டார். நோயாளிகளைக் கட்டிலுக்குக் கட்டில் தூக்கிப் போட்ட முதுகு அது. இழுக்கும் முறை தெரியாமல்தான் இருந்தது, பலம் இல்லாமல் இல்லை. நானும் தேறினேன். இப்படி ஐந்து தைப்பூசம் போனது.

இதற்கிடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் போனது கறிக்காக இல்லை. கறி நன்றாகத்தான் இருக்கும், என் மனைவி அதைக் கொல்லையில் தனிச்சட்டியில்தான் சமைப்பாள் என்றாலும். வாரத்தில் ஆறு நாள் நான் என்ன செய்கிறேன், செய்யவில்லை என்பது யாருக்கும் ஒரு பொருட்டில்லை. சனிக்கிழமை மாலை அந்தப் புதருக்குள் மட்டும் நான் தும்மினால்கூட அதற்கு விளைவு உண்டு. ஓய்வு பெற்றவனுக்கு அது பெரிய பதவி. அதை விட எனக்கு மனமில்லை.

அறுபதாவது வயதில் ஒரு காலை சட்டைக்குள் வலது கை நுழையவில்லை. அன்று மாலை வில்லை எடுத்துப் பார்த்தேன். மார்பு வரை வந்தது. தாடைக்கு வரவில்லை. தைப்பூசத்துக்கு நான்கு மாதம் இருந்தது.

டிரெசர் வந்து பார்த்தார்.

“எங்க வலிக்குது? இங்கயா?”

“ஆமாம்.”

“இங்க?”

“அங்கேயும்தான்.”

“வலிக்காத இடத்தச் சொல்லுய்யா, சீக்கிரம் முடிஞ்சிரும்.” கையைத் தூக்கி, திருப்பி, நான் கத்தும் வரை கொண்டுபோய் இறக்கினார். “தோள்பட்டை துருப்பிடிச்சுப் போச்சு. ஆறு வாரம் வில்லத் தொடாத. உங்க வீட்டுல ஆட்டுக்கல்லு யாரு ஆட்டுறது?”

“ஏன், அவள்தான்.”

“இனிமே நீ.”

தினம் காலை அரைப்படி உளுந்தும் அதற்கேற்ற அரிசியும், வலக்கையால் பாதி, இடக்கையால் பாதி. கிணற்றில் முப்பது வாளி, கையை மாற்றி மாற்றி. கயிறு இழுக்கும் முதுகுத்தசைதான் நாணையும் இழுக்கிறதாம். பிறகு புக்கிட் சீனா ஏறி இறங்க வேண்டும். அந்தக் குன்று முழுக்கக் கல்லறை. உடம்பைப் பேண இதைவிட ஊக்கம் தரும் இடம் ஊரில் கிடையாது. கால் எதற்கு என்று கேட்டேன். “போன மாசம் நீ எந்திரிச்சப்ப முழங்கால் முறிஞ்ச சத்தத்துலதான பன்றி ஓடுச்சு?” என்றார். உண்மைதான்.

நான் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்த முதல் நாள் என் மனைவி வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஏங்க, முப்பத்தஞ்சு வருசமா இந்தக் கல்லு இங்கதான் கிடக்கு. இது உடற்பயிற்சின்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலை.”

நான் வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாறினேன்.

இரண்டாம் வாரத்திலிருந்து எங்கள் வீட்டில் காலையும் மாலையும் தோசை. மூன்றாம் வாரம் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் மாவு போயிற்று. கோவில் நிர்வாகத்தில் ஒருவர், மனைவி என்னை ஏதோ தப்புக்காகத் தண்டிக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஆறுதல் சொல்ல வந்தார். விஷயம் தெரிந்ததும் தினமும் தலைகீழாக நிற்கச் சொன்னார். அவர் நிமிர்ந்து நிற்கவே தூணைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆறு வாரம் முடிந்ததும் சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி இழுக்கச் சொன்னார் டிரெசர். ஜன்னல் கம்பி என்னைவிட வயதானது என்பது அது கையோடு வந்தபோதுதான் தெரிந்தது. அதன்பின் பலா மரத்தில் கட்டினேன். கை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருந்தபோது வில் தாடையைத் தொட்டது. எத்தனை எண்ணும் வரை நிற்கிறது என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும்.

தேர்வு நாள் காலை மூவரும் தோட்டத்தில் கூடினோம். பக்கத்து வீட்டுக்காரர் மட்டையைக் கட்டித் தொங்கவிட்டார். டிரெசர் முதலில். அறுபத்திரண்டு வயதில் சரக்கு ரயில் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு மூன்றையும் முடித்தார். பிறகு நான். முதல் அம்பு சரி. இரண்டாவதில் தோளுக்குள் ஏதோ கீறியது, ஆனாலும் பத்து வரை நின்றேன். மூன்றாவது.

டிரெசர் எண்ணினார். “ஒண்ணு. ரெண்டு. மூணு.” ஐந்தில் என் முழங்கை நடுங்க ஆரம்பித்தது. “ஆறு,” என்றார். என் முகத்தைப் பார்த்தார். “ஏழெட்டொம்பதுபத்து.”

அம்பை விட்டேன். மட்டையில் பட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் குனிந்து புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழில் பத்து வரை எண்ண அவருக்குத் தெரியும்.

“அது செல்லாது,” என்றேன்.

“எது செல்லாது? பத்தும் எண்ணினேன்யா. நடுவுல ஒண்ணயும் முழுங்கலை.”

“வேகமாக எண்ணினாய்.”

“உன் விதியில வேகத்தப் பத்தி எங்க எழுதியிருக்க? காட்டு.”

எழுதவில்லை. யாராவது எனக்கு எதிராக மெதுவாக எண்ணக்கூடும் என்று ஐந்து ஆண்டாகச் சந்தேகப்பட்டிருக்கிறேன். எனக்காக ஒருவர் வேகமாக எண்ணுவார் என்று தோன்றவே இல்லை. அதுவும் இவர், யாரைக் கழிக்க அந்தக் காகிதத்தை எழுதினேனோ அவர். அலுவலகமாக இருந்திருந்தால் விதியின் இந்த ஓட்டை வழியாக நான் பெட்டி படுக்கையோடு தப்பிப் போயிருப்பேன். எத்தனையோ பேரை அனுப்பியும் இருக்கிறேன்.

தோட்டத்தின் மறுகோடியில் பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கூடை.

“மறுபடி எண்ணு. மெதுவாக.”

“மறுபடி எண்ணினா தோத்துருவ கிராணி.”

“தெரியும். எண்ணு.”

எண்ணினார். இந்த முறை பிரசங்கம் செய்பவர் மாதிரி நிறுத்தி நிறுத்தி. ஆறில் நாண் என் கையை இழுத்துக்கொண்டு திரும்பிப் போனது. அம்பு மட்டைக்கு நாலடி முன்னால் மண்ணில் குத்தி நின்றது.

வில்லைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் நாணைக் கழற்றி, துணியில் சுற்றி, கக்கத்தில் வைத்துக்கொண்டார். “அடுத்த வருடம், அபாங்,” என்றார். டிரெசர்தான் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். அறுபது வயது ஆளுக்கு அறிவு எந்த வயதில் வரும் என்பதுதான் அவருடைய கேள்வி.

கிட்டத்தட்ட ஒரு வருடமாகச் சனிக்கிழமைகளில் வீட்டில் இருக்கிறேன். டிரெசர் மட்டும் போகிறார். திரும்பும் வழியில் வாழையிலைப் பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டு, “பன்றி உன்னைய விசாரிச்சுது,” என்று சொல்லிவிட்டுப் போவார். விதிமுறையைத் திருத்தி மறுபடி டைப் செய்தேன். சுவர்க் கடிகார ஊசலின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் எண் என்று இப்போது தெளிவாக இருக்கிறது. தோட்டத்துக்குச் சுவர்க் கடிகாரத்தை யார் தூக்கி வருவது என்று டிரெசர் கேட்டார். நான்தான் என்றேன், அதுவும் பயிற்சிதானே.

வில் பக்கத்து வீட்டுக் கூடத்தில், சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. ஞாயிறு மாலை மட்டும் அவர் அதை வேலியோரம் கொண்டுவந்து நாண் பூட்டித் தருவார். நான் இழுப்பேன், அவர் மலாயில் எண்ணுவார். அவருக்கு அவசரமே கிடையாது. நேற்று எட்டு வரை நின்றேன்.

தைப்பூசத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. உளுந்து ஊறிவிட்டது என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது.