ஆறு கோணல் நட்சத்திரங்கள்

ஆர்டிஸ் லுண்ட்கிரன் எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டதே கிடையாது. எங்கள் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் செவ்வாய்தோறும் துணித்துண்டுகளை இணைத்து ஒட்டுப்போர்வை தைக்கக் கூடும் பதினான்கு பெண்களுக்கும் இது தெரியும். அதற்காக அவளை நாங்கள் முழுமனதாக மன்னித்ததும் கிடையாது.

மற்றவர்களின் அலமாரிகளைத் திறந்தால் பாதியில் நின்ற போர்வைகள் தலையில் விழும். எனக்கு ஒன்பது. போதகர் மனைவிக்கு இருபத்தேழு. அவள் அதைப் பாவ அறிக்கை மாதிரி சொல்லுவாள். ஆர்டிஸுக்கு ஒன்றுமில்லை. ஓட்டுநர் உரிமம் தரும் கவுண்டரில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து, ஒரு கையெழுத்து குறைந்தாலும் ஆளைத் திருப்பி அனுப்பியவள் அவள்.

ஓய்வு பெற்ற மறுமாதம் துணி வெட்டும் மெஷின் ஒன்றை வாங்கினாள். பார்க்கக் கரும்புச்சாறு பிழியும் மெஷினின் தங்கை போலிருக்கும்: இரண்டு உருளை, ஒரு கைப்பிடி. கூர்த்தகடு பதித்த அச்சுப்பலகையின் மேல் துணியை ஆறு மடிப்பு வரை அடுக்கி, மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டை மூடி உள்ளே தள்ளிச் சுற்றினால், மறுபக்கம் முக்கோணமோ சதுரமோ ஒரே அச்சாக வந்து விழும். கத்தரிக்கோலுக்கு மனநிலை உண்டு, இதற்குக் கிடையாது என்பாள். அவளிடம் இதைவிடப் பெரிய பாராட்டை அவள் கணவர்கூட வாங்கியதில்லை.

மிஞ்சுகிற துண்டுத்துணிகளை உறைகளில் திணித்து நாய்க் காப்பகத்துக்கு மெத்தையாகக் கொடுப்போம். நாங்கள் கைக்கு வந்தபடி நறுக்குவோம். ஆர்டிஸ் அந்தக் குப்பையையும் மெஷினில் விட்டு, ஒன்றரை அங்குலப் பட்டைகளாக, ஒரே அளவில் வெட்டிக் கொடுப்பாள். நாய்கள் என்ன நினைத்தனவோ.

ஜனவரியில் எங்களுக்கு ஒரு வழக்கம். முடிக்க மனம் வராத ஒன்றை ஆளுக்கொரு காகிதப் பையில் போட்டு, பெயர் எழுதாமல் மேசையில் வைப்போம். ஆர்டிஸிடம் போட ஒன்றும் இல்லாததால் போதகர் மனைவி இரண்டு பை வைப்பாள். குலுக்கிப்போட்டு ஆளுக்கொன்று எடுத்துப்போய், மே மாதத்துக்குள் முடித்துத் தரவேண்டும். பையைக் கொடுத்தவள், அதை யார் எடுத்தாள் என்று கேட்கக் கூடாது. எடுத்தவள் உள்ளே இருப்பதை இஷ்டப்படி வெட்டலாம், மாற்றலாம், தூக்கிப் போடலாம். இந்த விதியைக் கொண்டுவந்தவள் எங்களில் ஒருத்தியான காரின் ஸ்டாட்லர். பிறகு நடந்ததற்கு இது முக்கியம்.

அந்த வருடம் ஆர்டிஸ் எடுத்த பையில் துணித்துண்டுகளை நட்சத்திர வடிவில் இணைத்த முப்பது கட்டங்களும், அதே துணிகளில் கொஞ்சம் மிச்சமும் இருந்தன. இருபத்துநான்கு கட்டங்கள் ஒழுங்கு. ஆறு மட்டும் குடித்துவிட்டு வீடு திரும்பிய நட்சத்திரங்கள்: ஒரு முனை நீளம், ஒரு முனையைக் காணவே காணோம், தையல் வழியெல்லாம் வளைந்து போனது. ஆர்டிஸ் தனக்குத் தெரிந்த நல்லதைச் செய்தாள். மிச்சத் துணியை மெஷினில் விட்டு நேரான ஆறு நட்சத்திரங்கள் தைத்துச் சேர்த்தாள். கோணல் ஆறையும் இரண்டிரண்டாக அச்சில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினாள். பட்டைகள் மெத்தைக்குப் போயின; மெத்தைகள் மார்ச் மாதமே காப்பகத்துக்குப் போயின.

ஏப்ரலில் ஒரு செவ்வாய், ஆர்டிஸ் காப்பிக் கோப்பைகளைக் கழுவும்போது, பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்த காரின் தானாகவே பேச்செடுத்தாள். மூன்று வருடத்துக்கு முன் இறந்துபோன தங்கை மேக்சினும் அவளும் சேர்ந்து ஒரு போர்வை தொடங்கினார்களாம். நடுவில் மேக்சினுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. ஆனாலும் விடாமல், கடைசி ஆறு நட்சத்திரத்தை விரலால் தடவித் தடவியே தைத்தாளாம்.

"அந்த ஆறையும் பிரிக்கவும் முடியல, சேர்க்கவும் முடியல," என்றாள் காரின். "எடுத்தாலே அழுகை வருது. வேற யார் கையாவது சேர்க்கட்டும்னு பையில போட்டுட்டேன். யாருகிட்ட இருக்கோ, பாவம், அந்தக் கோணலோட மல்லுக்கட்டிட்டிருப்பா."

ஆர்டிஸ் ஒரே கோப்பையை நான்குமுறை கழுவினாள்.

அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். கோட்டைக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, உரிமம் கேட்டு வந்த குற்றவாளி போல எல்லாவற்றையும் ஒப்பித்தாள். விதிப்படி அவள்மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன். விதிப்படியே வாழ்ந்தவளுக்கு அது அன்று எந்த உதவியும் செய்யவில்லை.

மறுநாள் காப்பகத்துக்குப் போனோம். பொறுப்பாளர் பெருந்தன்மையாக மூன்று மெத்தைகளைப் பிரித்துப் பார்க்க விட்டார். மெத்தைக்குச் சொந்தக்கார நாய்கள் நின்று வேடிக்கை பார்த்தன. ஒன்றரை அங்குலப் பட்டைகள் நூற்றுக்கணக்கில் கொட்டின, எல்லாம் ஒரே அளவு. எது மேக்சின், எது அதே துணியின் மிச்சம், எது எவளுடைய பழைய திரைச்சீலை என்று சொல்ல வழியில்லை. மெஷின் அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது.

திரும்பும் வழியில்தான் நான் அந்த யோசனையைச் சொன்னேன். "இன்னும் மிச்சத் துணி இருக்குல்ல? கோணலா ஆறு தைச்சுடு. காரினுக்கு எப்படித் தெரியப்போகுது?"

அவள் வீட்டுக்குப் போய் நேரான ஆறையும் பிரித்தெடுத்து இழுப்பறையில் வைத்தாள்.

தப்பாகத் தைப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஆர்டிஸுக்கு அப்போதுதான் தெரிந்தது. மெஷின் வெட்டிய துண்டுகள் தாமாகவே நேராகச் சேர்ந்துகொண்டன. மெஷினை மூடிவைத்துக் கத்தரிக்கோலால் வெட்டினாள், அதுவும் நேர். இடதுகையால் வெட்டினாள். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி, விளக்கை அணைத்து, விரலால் தடவி வழிகண்டு தைத்தாள். ஊசி குத்திக் கட்டைவிரல் வீங்கியது. இரண்டு வாரத்தில் ஒரு முழுப் போர்வை முடிக்கிறவளுக்கு ஆறு கட்டம் முடிக்கப் பதினொரு நாள் ஆயிற்று. கொண்டுவந்து காட்டினாள். அசல் மாதிரியே இருந்தன. அப்படிச் சொன்னேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

மே மாதம் முடித்ததைக் காட்டும் நாள். போர்வையின் மேல்முனைகளை இரண்டு பேர் உயர்த்திப் பிடிக்கவேண்டும். பிடிக்கிறவர்கள் பின்னால் மறைந்துபோவார்கள். பார்ப்பவர்களுக்கு விரல்களும் செருப்புகளும்தான் தெரியும். ஒரு முனை ஆர்டிஸ், மறுமுனை நான்.

காரின் எழுந்து வரும் சத்தம் கேட்டது. துணியின் அந்தப் பக்கம் ஒரு விரல் ஊர்ந்தது, முனை காணாமல்போன ஒரு நட்சத்திரத்தின் மேல். "இங்க வந்து தொட்டுப் பாருங்க," என்று மற்றவர்களைக் கூப்பிட்டாள். "இது என் தங்கச்சி தைச்சது. கண்ணு தெரியாம தைச்சது."

ஒவ்வொருத்தியாக வந்து தொட்டார்கள். போதகர் மனைவி மூக்கைச் சிந்துவது கேட்டது. நான் ஆர்டிஸின் முகத்தைப் பார்த்தேன், தலையை ஆட்டி வேண்டாம் என்றேன்.

"காரின்," என்றாள் ஆர்டிஸ், போர்வைக்குப் பின்னாலிருந்தே. "அது மேக்சின் தைச்சது இல்ல. நான் தைச்சது."

யாரும் கேட்குமுன் அவளே சொல்லி முடித்தாள்: அச்சு, பட்டை, மெத்தை, எல்லாம். போர்வையை மட்டும் அவள் இறக்கவில்லை, அதனால் நானும் இறக்கவில்லை. கை வலித்தது.

"நாய் மெத்தைக்கா?" என்றாள் காரின். "மேக்சினுக்கு நாய்னாலே ஆகாது."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

பிறகு காரின், "வித்தியாசமா இருக்கு," என்றாள். எங்கள் மினசோட்டா மாநிலத்தில் இதற்கு மேல் கடுமையான வார்த்தை எங்களிடம் இல்லை. "நேரா ஆறு தைச்சியே, அது இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"அப்போ இதைப் பிரிச்சிட்டு அதையே வை. உன்னோடதுன்னா உன்னோடது மாதிரியே இருக்கட்டும். அவளோடது மாதிரி வேண்டாம்."

ஆர்டிஸ் போர்வையை மடித்து, அதே காகிதப் பையில் வைத்து, வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

அது நடந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. பிரித்து மாற்றுவது ஒரு சாயங்கால வேலை. நேரான ஆறும் இழுப்பறையில் தயார். தையல் பிரிக்கும் கொக்கியை எடுக்கிறாளாம், முதல் தையலில் வைக்கிறாளாம், அதோடு சரி. தான் தைத்ததில் அந்த ஆறு மட்டும்தான் மெஷின் தொடாதது என்று ஒருமுறை சொன்னாள். இன்னொருமுறை, அதைப் பிரித்தால் மேக்சினை இரண்டாம்தடவை வெட்டியதாகும் என்றாள். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை; நான் சுட்டிக்காட்டவில்லை.

காரின் செவ்வாய்தோறும் எலுமிச்சை கேக் துண்டு ஒன்றை ஆர்டிஸின் தட்டில் வைத்துக்கொண்டே, "ஆச்சா?" என்று கேட்பாள். "இன்னும் இல்ல," என்பாள் இவள். காரின் அவசரப்படுத்துவதில்லை. அந்தக் கேள்விக்காகவே அவள் ஒரு செவ்வாயும் தவறுவதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

போன ஜனவரியில், யார் யாருக்கு எத்தனை பாக்கி என்று வழக்கம்போலக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். நான் ஒன்பது என்றேன். போதகர் மனைவி இருபத்தெட்டு என்று தலைகுனிந்தாள். ஆர்டிஸின் முறை வந்ததும், பழக்கதோஷத்தில் அவளைத் தாண்டி அடுத்தவளைக் கேட்கப்போனார்கள்.

"ஒண்ணு," என்றாள் ஆர்டிஸ்.

கோணலாகத் தைக்க யோசனை சொன்னவள் நான் என்று அன்றும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.