தலைமாறி ஒட்டிய விளக்குப் பட்டை

விளக்குக்காரம்மா என்றால் அந்த வட்டாரத்துக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். கடை முகப்பில் ஓடி, மினுக்கி, நிறம் மாறும் விளக்குகளை ஆட்டி வைப்பவள் அவள்தான். கணவன் ஏணியில் ஏறி விளக்குப் பட்டையை ஒட்டுவான். இவள் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து, எந்த பல்பு எப்போது எந்த நிறம் காட்ட வேண்டும் என்று லேப்டாப்பில் எழுதுவாள். வேலை முடிவதற்குள் நாலு சண்டையாவது நடக்கும். தெருவே நின்று வேடிக்கை பார்க்கும்.

அந்தக் கணவன் மாரடைப்பில் போய்விட்டான். அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகைகூட வரவில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்தது. மாமியார் பரவாயில்லை என்றார். பள்ளியிலிருந்து மகளை அழைத்துவர மறந்தாள். குழந்தையும் பரவாயில்லை என்றது. எதைச் செய்தாலும் பரவாயில்லை என்றால், எதைச் செய்துதான் என்ன?

குழாய் வேலை பார்க்கும் அண்ணன் துணைக்கு வந்தான். ஏணியில் ஏறினால் அவனுக்குக் கால் வெடவெடக்கும். அதனால் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு செருப்புக்கடையின் முகப்பு முழுக்கப் பட்டையை அவளே ஒட்டினாள்.

"இந்த வேலையோட நிறுத்திக்கம்மா. நம்ம வீட்டுக்கு வந்துடு, நான் பாத்துக்கறேன்" என்றான் அண்ணன்.

"சரிண்ணா" என்றாள். மாட்டேன் என்று சொல்லவும் தெம்பு வேண்டுமே.

சுவிட்சைப் போட்டாள். ஒரு பல்புகூட எரியவில்லை. கரண்ட் வருகிறது, ஒயர் சரி, எழுதியதும் சரி. பிறகுதான் பட்டையை உற்றுப் பார்த்தாள். இதில் நிறத்தைச் சொல்லும் சிக்னல் ஒரே திசையில்தான் போகும். முதல் பல்பு தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளிவிடும், அது அதற்கடுத்ததற்கு. எந்தப் பக்கம் தள்ளும் என்று நெடுக அம்புக்குறி அச்சடித்திருக்கும். அவளோ தலை இருக்க வேண்டிய இடத்தில் வாலை வைத்து ஒட்டியிருந்தாள். உரிக்காமல் ஒயரை மட்டும் மறுகோடிவரை இழுத்தால், அவ்வளவு தூரத்தில் சிக்னல் வழியிலேயே செத்துவிடும். உரித்துத்தான் ஒட்ட வேண்டும்.

"போனா போகுதும்மா. நீ போய் உக்காரு, வேற ஆளக் கூப்பிடலாம்" என்றான் அண்ணன்.

அதற்குள் கடை முதலாளி வெளியே வந்துவிட்டார். வீட்டுக் கதையெல்லாம் அவருக்குத் தெரியாது.

"பட்டைய தலைமாத்தி ஒட்டிட்டேன் சார். அம்புக்குறியப் பாக்கல."

"பாக்கலையா? சாயங்காலம் கடை திறப்பு! கண்ண எங்கம்மா வச்சுக்கிட்டு ஒட்டினீங்க? இதுதானே உங்க பொழப்பு?"

அண்ணன் எகிறினான். "சார், பாத்துப் பேசுங்க. அவ வீட்டுக்காரர் இப்பத்தான்..."

"அண்ணா, சும்மா இரு."

முகம் சுட்டது. அவமானம்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒன்று உள்ளே போய்த் தைத்தது. வலித்தது, ஆனால் அது அவளுக்கு வேண்டியிருந்தது.

"தப்பு என்னோடதுதான் சார். திறப்புக்கு முன்னாடி எரியும்."

ஏணியில் ஏறி உரிக்கத் தொடங்கினாள். பாதி உரிப்பதற்குள் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கையெல்லாம் பசை, துடைக்கவும் வழியில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே உரித்தாள்.

கீழே அண்ணன் பதறினான். "போதும், இறங்கும்மா. வீட்டுக்குப் போலாம்."

"முதல்ல ஏணிய ஆட்டாம பிடிண்ணா" என்று அதட்டினாள். "அடுத்த வாரம் பேக்கரி வேலைக்கும் நீதான் வந்து பிடிக்கணும்."