ஜன்னலைத் தூக்கிய பெண்

காலை ரயிலில் என் எதிரே உட்காரும் பெண், தங்கச் சுரங்கம் மூடிப்போன எங்கள் ஊரின் சாம்பியன் ரீப்ஸ் நிலையம் தாண்டியதும் ஜன்னலை இறக்கி மூடிவிடுவார். தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து தூசி பறந்து வரும். அன்று, கடலடி வெந்நீர் ஊற்றுகளில் வாழும் புழுக்களையும் நண்டுகளையும் கவனிக்க விஞ்ஞானிகள் இன்னும் பல கேமராக்களை இறக்குவதைச் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார். "அங்க தங்கம் கெடைக்குமா?"

எங்கள் ஊரில் வேறென்ன கேட்கத் தோன்றும்!

அந்தப் பெண் சீறினார். "இன்னா சார் கேக்கறீங்க? கொதிக்கிற தண்ணியாண்ட அத்தினி உயிரு பொழைக்குது, அது உங்க கண்ணுக்குத் தெரியலயா? இங்க தோண்டினவங்க நமக்கு இன்னாத்த வுட்டுட்டுப் போனாங்க?"

மூடிய ஜன்னலை அவரே முழுக்கத் தூக்கினார். மேட்டுத் தூசி எல்லார் முகத்திலும் அடித்தது. கேட்டவர் இருமினார்.