சேற்றுக்கு வைத்த பூ

என்னை மேடையில் ஏற்றி 'முன்னோடி' என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். முன்னால் நடந்தவளுக்குத்தானே முள்ளும் முதலில் குத்தும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சால்வை போர்த்துவார்கள், காபி கொடுப்பார்கள். பிறகு இளம் ஆய்வாளர் ஒருவர் எழுந்து, பணிவாகத்தான், கேட்பார்: "அம்மா, உங்கள் முதல் கட்டுரையில் அடிமட்டத்துச் சேற்றைப் பற்றி ஒன்றுமே இல்லையே, ஏன்?" 'பாதுகாப்பில் நேர்ந்த பழுது' என்று கட்டுரையில் எழுதியதையே இத்தனை காலமும் திருப்பிச் சொல்லிவந்தேன். இனிமேல் சொல்வதாக இல்லை. அந்தப் பழுது தானாக நேரவில்லை, செய்தவர்கள் இருக்கிறார்கள்.

என் வேலையை எங்கள் வீட்டில் 'சேறு காய்ச்சுவது' என்பார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, காய்ச்சத்தான் செய்தேன். பூவிலிருந்து பறக்கும் மகரந்தம் கண்ணுக்குத் தெரியாத பொடி. ஆனால் அதன் மேல்தோல் லேசில் அழியாது. ஈரச் சேற்றில் விழுந்துவிட்டால் ஆயிரக்கணக்கான வருஷம் அப்படியே கிடக்கும். செடிக்குச் செடி அதன் வடிவம் வேறு. புல்லினுடையது வழுவழுப்பான உருண்டை, செம்பருத்தியுடையது முள் முளைத்த பந்து. சேறு வருஷா வருஷம் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிவதால் அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. அந்த வரிசை குலையாமல் சேற்றை எடுத்து, துண்டு துண்டாகக் காஸ்டிக் பொட்டாஷ் என்ற காரத்தில் காய்ச்சி வடிகட்டி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், எந்தக் காலத்தில் அங்கே என்ன முளைத்திருந்தது என்று சொல்லிவிடலாம். அவ்வளவுதான் என் சாஸ்திரம்.

கூமாப்பட்டிக்கு மேலே, அரை நாள் மலையேறினால் ஒரு புல்வெளி. அதன் நடுவில் கோடையிலும் வற்றாத ஒரு சதுப்பு. அந்தப் புல்வெளி ஒரு காலத்தில் பெருங்காடாக இருந்தது என்றும், மலை ஜனங்கள் தீ வைத்து வைத்துத்தான் மொட்டையாயிற்று என்றும் வெள்ளைக்காரத் துரைகள் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்கள். எந்தத் துரையும் தோண்டிப் பார்த்து எழுதவில்லை. குதிரைமேல் இருந்தபடியே எழுதியதுதான். அதைச் சாக்காக வைத்து அந்த ஜனங்களை மாடு மேய்க்க விடாமல், விறகு பொறுக்க விடாமல் துரத்தினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. சதுப்பின் அடிச்சேற்றில், தீக்கு அடையாளமான கரித்துகள் எதுவும் விழாத காலத்திலேயே, புல்லின் மகரந்தம் நிறைந்து கிடந்தால் புல்வெளி ஆதியிலிருந்தே புல்வெளிதான் என்று ஆகிவிடும். தீ வைத்தவன் என்று ஒருவனையும் விரட்ட முடியாது. கேள்விக்கு விடை அந்த அடிச்சேற்றில் இருந்தது, வேறெங்கும் இல்லை.

அப்பா இருந்த கடைசிக் கோடையில், கல்லூரி விடுமுறைக்கு வந்த என்னை அவரே மலைக்குக் கூட்டிப்போனார். கொல்லரிடம் சொல்லிச் செய்த இரும்புக் குழாயைச் சதுப்பில் இறக்கி இறக்கி, அடிப்பாறை தட்டும்வரை சேறு எடுத்தோம். ஒவ்வொரு முழத்தையும் தனித்தனித் தகரக் குழாயில் போட்டு, இரண்டு வாயையும் மெழுகால் அடைத்து, மேல் எது கீழ் எது என்று ஆணியால் கீறி வைத்தேன். அப்பா அன்று முழுக்கச் சேற்றில் முட்டளவு நின்றார். "இதுல என்ன இருக்குன்னு எனக்குப் புரியல. உனக்குப் புரிஞ்சாச் சரிதான்" என்றார். என் வேலையைப் பற்றி எங்கள் குடும்பத்தில் யாரும் அதைவிட நல்ல வார்த்தை சொன்னதில்லை.

அந்த வருஷமே அவர் போய்ச் சேர்ந்தார். பிறகு யுத்தம். பட்டணத்தில் குண்டு விழும் என்று ஊரே காலியாக, கல்லூரியையும் மூடினார்கள். பேராசிரியரிடம் கெஞ்சிக் கடன் வாங்கிய மைக்ராஸ்கோப்போடும் குழாய்களோடும் ஊர் வந்து சேர்ந்தேன். அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில், இரண்டு அறை வீட்டில் இருந்தாள். அங்கே அடுப்பு வைத்துச் சேறு காய்ச்ச இடமில்லை. ராஜபாளையத்தில் பஞ்சு அரைவை ஆலை வைத்திருந்த பெரியப்பாதான் ஆலை வளாகத்தின் மூலையில் ஒரு அறையைக் கொடுத்தார். சும்மா சொல்லக் கூடாது, மனம் நிறைந்துதான் கொடுத்தார். "எங்க வீட்டுப் பிள்ள ஆராய்ச்சி பண்ணுது" என்று பஞ்சு வாங்க வரும் ஏஜெண்டுகளை எல்லாம் கூட்டிவந்து காட்டுவார். அவர்கள் சேற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அறைக்கு நான் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: பூ உள்ளே வரக் கூடாது. தலையில் பூ வைத்திருக்கிற பெண்கள் வாசலோடு நிற்க வேண்டும். இன்று பூத்த மகரந்தம் பழைய சேற்றில் விழுந்தால் இரண்டையும் பிரிக்க முடியாது என்று பெரியப்பாவிடமும் மேஸ்திரியிடமும் எத்தனையோ தடவை சொன்னேன். நானே பூ வைப்பதை விட்டுவிட்டேன். கல்யாணமாகாத பெண் பூவில்லாமல் திரிகிறாளே என்று பெரியம்மா தினம் ஒரு பாட்டம் புலம்புவாள். புலம்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

மேல்மட்டத்துக் குழாய்களை முடித்து, அடிக்குழாயைத் தொடலாம் என்றிருந்த சமயத்தில் ஆயுத பூஜை வந்தது. ஆலையில் தீபாவளியைவிட அதுதான் பெரிய பண்டிகை. இயந்திரம், லாரி, தராசு, ஸ்பானர் என்று ஒன்று விடாமல் கழுவிப் பொட்டு வைப்பார்கள். பூஜைக்கு முந்தின நாள் காலையில் நான் வீட்டுக்குத் தூரமானேன். பெரியம்மாவுக்கு முகம் கறுத்துப் போயிற்று.

"நாளைக்குப் பூசைய வச்சுக்கிட்டு நீ இங்க இருக்கப்படாது ஏட்டி. ஒன் நெழல் பட்டாக்கூட ஆகாது. ஒங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு, தலைக்கு ஊத்திக்கிட்டு வா."

கரி பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடும் பஸ். அம்மா வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு பாயும் ஒரு சொம்புமாக உட்கார்ந்து வைத்தியநாத சுவாமி கோவில் மணியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உடம்பில் ஒரு குறையும் இல்லை. படித்த படிப்புக்கு அங்கே ஒரு மதிப்பும் இல்லை. அப்போதும் கோபம் வந்தது. ஆனால் அந்த மூன்று நாளில் எனக்குப் போனது மூன்று நாள்தான் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது அறை பளிச்சென்று இருந்தது. கழுவி விட்டிருந்தார்கள். மைக்ராஸ்கோப்பின் நெற்றியில் சந்தனம், குங்குமம். தகரக் குழாய்கள் ஒவ்வொன்றின் மேலும் பொட்டு. வெளியேதானே, தகரத்தின் மேல்தானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டு துடைத்து வைத்தேன். வாயில் மெழுகு இருந்ததைப் பார்த்தேன். அது நான் வைத்த மெழுகுதானா என்று பார்க்கத் தோன்றவில்லை.

அடிக்குழாயைத் திறந்து கொஞ்சம் சேறு எடுத்துக் காய்ச்சினேன். லென்ஸின் கீழே முள்முள்ளாக மஞ்சள் பந்துகள், கொத்துக் கொத்தாக. பழைய மகரந்தம் ஒருநாளும் கொத்தாகக் கிடக்காது, சிதறித்தான் கிடக்கும். எனக்குச் சந்தேகமே வரவில்லை. கேந்திப் பூ, செண்டுமல்லி என்பார்களே அதுதான். கப்பலேறி இந்தத் தேசத்துக்கு வந்து சில நூறு வருஷமே ஆன பூ, என் ஆயிரமாயிரம் வருஷத்துச் சேற்றில் உட்கார்ந்திருந்தது. அடுத்த குழாயைத் திறந்தேன். அதன் வாயில் வாழை நார் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை, சந்தோஷமாகச் சொன்னார்.

"முதலாளி சொன்னாவம்மா, ஒங்க சாமானுக்கும் கொறயில்லாமச் செய்யணும்னு. பூச உள்ள இருக்குறதுக்குத்தானம்மா, தகரத்துக்கா? அதான் எல்லா வாயும் தொறந்து, சேத்துக்குச் சந்தனம் தெளிச்சு, ஒவ்வொண்ணுலயும் ஒரு பூவக் குத்தி வச்சோம். பொறவு பழையபடி மெழுகு ஊத்தி அடைச்சுட்டோம். ஒண்ணும் சிந்தல."

என்ன நியாயம் பாருங்கள். தலையில் அடித்துக்கொண்டு பெரியப்பாவிடம் ஓடினேன். அவர் ஏஜெண்டுகளோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுப் பெண் எவளும் ஆலை ஆபீசில் குரலை உயர்த்தியது கிடையாது. நான் உயர்த்தினேன்.

"மரியாத செஞ்சதுக்கா இந்தச் சத்தம்?" என்றார் பெரியப்பா. "லாரிக்குக்கூடப் பொறவுதான். ஒன் குழாய்க்குத்தான் மொத தீவாரன காட்டச் சொன்னேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பெரியப்பா?"

"நீதான் ஊர்லயே இல்லையே, தாயி."

என் நிழல் பட்டால் ஆகாது என்று என்னைத் துரத்திவிட்டு, என் சேற்றைக் கெடுத்துவிட்டு, நான் ஊரில் இல்லை என்கிறார். நான் அந்த அறையில் இருந்திருந்தால் சேற்றுக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது. கெடுதல் வந்ததெல்லாம் சுத்தம் பார்த்துக் குளித்து முழுகி வந்தவர்களின் கையிலிருந்துதான்.

அழுது தீர்த்த பிறகு கணக்குப் போட்டேன். குழாய்களின் நடுப்பகுதி பிழைக்கும். பூ குத்திய இரண்டு முனைகளும் போச்சு. அடிக்குழாய் மட்டும் முழுக்க நாசம். அது பாறையைத் தட்டிய குட்டைக் குழாய், அதற்கு நடு என்று ஒன்று கிடையாது. எனக்கு வேண்டிய விடை அதில்தான் இருந்தது. ஆனாலும் வழி இருந்தது. சதுப்பு அங்கேயேதான் இருக்கிறது. மழை ஓய்ந்ததும் மலையேறி, பழைய துளைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாயை இறக்கினால் அதே அடிச்சேறு கிடைக்கும். இரண்டு ஆள் துணையும் ஒரு வண்டியும் போதும். கோபத்தை விழுங்கிக்கொண்டு பெரியப்பாவிடம் போய்க் கேட்டேன்.

"நீ எதுக்கு மலையேறணும்? பொம்பளப் பிள்ள. நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

வண்டிக்கும் ஆளுக்கும் ஏற்பாடு செய்வார் என்று நினைத்தேன். இரும்புக் குழாயைத் துருப் போகத் தேய்த்து எண்ணெய் போட்டு வைத்தேன். புதுத் தகரக் குழாய்களுக்குச் சொல்லி வைத்தேன். பொங்கல் வந்து போயிற்று. கேட்டால், "ஏற்பாடு நடக்குது, செத்தப் பொறு" என்பார்.

ஒருநாள் மத்தியானம் ஆலை வாசலில் ஒரே கூட்டம். இரண்டு மாட்டு வண்டிகள் நிறையக் கறுப்புச் சேறு. வண்டியிலிருந்து முற்றத்தில் சரித்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சு பிரிக்கிற பெண்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஒரு குழாய்ச் சேத்துக்கு அம்புட்டு அழுதியே. இந்தா, ஒன் மலையையே கொண்டாந்துட்டேன். எம்புட்டு வேணுமோ எடுத்துக்கோ."

வண்டிக்காரரிடம், எது அடியில் இருந்த சேறு, எது மேலே இருந்தது என்று கேட்டேன்.

"எல்லாம் ஒண்ணாத்தாம்மா கெடக்கு. மொத நாள் தண்ணி நின்னுச்சு, வெட்ட ஏலல. கரைய ஒடச்சுத் தண்ணியப் பள்ளத்துல எறக்கி விட்டோம். பொறவுதான் மம்பட்டி எறங்குச்சு. இனி அங்க தண்ணி நிக்காது. காஞ்சிரும்."

காய்ந்துவிட்டால் மகரந்தம் மக்கிப் போகும். எடுத்த சேறும் போயிற்று, எடுக்காத சேறும் போயிற்று. அத்தனை ஆயிரம் வருஷம் வரிசை குலையாமல் இருந்தது, என் பெயரைச் சொல்லி, எனக்கு உதவி என்று சொல்லி, ஒரு வாரத்தில் குலைந்தது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, முதல் தடவையும் கேட்கவில்லை, இரண்டாம் தடவையும் கேட்கவில்லை. துரைகள் எழுதியதைத்தான் இன்றைக்கும் புத்தகங்களில் அச்சடிக்கிறார்கள். மறுக்க என்னிடம் சேறு இல்லை.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பெரியம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"மரம் மாதிரி நிக்காத ஏட்டி. எம்புட்டுச் செலவு, எம்புட்டு ஆளு. பெரியப்பா கால்ல விழுந்து கும்பிடு."

எனக்கு அந்த அறை வேண்டும். நடுப்பகுதி பிழைத்த குழாய்கள் அந்த அறையில்தான் இருந்தன. சாவி பெரியப்பாவின் இடுப்பில் இருந்தது. ஆலை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது.

குனிந்து, சேறு அப்பிய அவர் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டேன். பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுக்குப் போயி எதுக்கு தாயி" என்றார். "இன்னும் வேணும்னாலும் சொல்லு."