முதுகு காட்டிய முகாம்

கையை ஆட்டிக்கொண்டே நின்றால் போட்டோவில் மறைக்கிறதாம்!

போன ஞாயிற்றுக்கிழமை என் காதால் கேட்ட வாக்கியம். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அடங்காமலேயே எழுதுகிறேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழ்வேளூரில் ஒரு கல்யாண மண்டபம். காது கேளாத இளைஞர்களுக்கான கோடை முகாமின் நிறைவு விழா. நாகப்பட்டினம், நாகூர், சுற்றுவட்டாரக் கிராமங்கள் என்று பல இடங்களிலிருந்தும் வந்திருந்தார்கள். முகாமை நடத்துவது அவர்களே சேர்ந்து வைத்திருக்கும் சங்கம். செலவை மட்டும் வருஷா வருஷம் ஒரு சேவை அமைப்பு ஏற்றுக்கொள்கிறது. பேச என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

சங்கத்தின் செயலாளர் காவ்யா. பி.காம். முடித்து, நாகையில் ஒரு ஆடிட்டரிடம் வேலை பார்க்கிற பெண். பிறவியிலேயே காது கேட்காது. விழாவுக்கு முன்னால் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள் – அவள் கைகள் பேச, பக்கத்தில் மெர்சி டீச்சர் குரல் கொடுத்தார். மெர்சி, காது கேளாதோர் பள்ளி ஆசிரியை. முகாம் முழுக்க சைகை மொழிக்கும் தமிழுக்கும் நடுவில் நின்றவர் அவர்தான்.

“இந்த கேம்ப்ல அப்படி என்னம்மா விசேஷம்?” என்று கேட்டேன்.

“வீட்ல எல்லாரும் ஒண்ணா சாப்பிட உக்காருவோம்க்கா. திடீர்னு எல்லாரும் சிரிப்பாங்க. என்னன்னு கேட்டா, ‘அப்பறம் சொல்றேன்’னு கை காட்டுவாங்க. அந்த அப்பறம் வந்ததே இல்ல. இங்கதான் எனக்கு ஜோக் சுடச்சுடக் கிடைக்குது.”

எனக்குச் சுருக்கென்றது. அவளுடைய அப்பா, அம்மா, அண்ணன் – யாருக்கும் சைகை மொழி தெரியாது. படிக்க வைத்தார்கள், வரன் பார்க்கிறார்கள். பாசத்துக்குக் குறைவில்லை. பேசத்தான் ஆள் இல்லை. வருஷத்தில் இந்த ஒரு வாரம்தான் அவள் மனசு விட்டுப் பேசுகிறாள். அங்கே வந்திருந்த முக்கால்வாசிப் பேர் கதையும் அதுதான்.

விழா தொடங்கியது. மேடையில் வரிசையாக நாற்காலிகள், சால்வைகள், ஆளுயர ஸ்பீக்கர்கள். (யாருக்கு?) அமைப்பின் தலைவர் மைக்கைப் பிடித்தார். “இந்த தெய்வக் குழந்தைகளுக்கு...” என்று ஆரம்பித்தார். வேலைக்குப் போகிற, பைக் ஓட்டுகிற, ஓட்டுப் போடுகிறவர்கள். குழந்தைகளாம்!

மேடை ஓரத்தில் நின்று மெர்சி ஒவ்வொரு வரியையும் சைகையில் சொல்லிக்கொண்டிருந்தார். போட்டோகிராபர் தலைவரின் காதில் ஏதோ கிசுகிசுத்தார். தலைவர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

“டீச்சர், கொஞ்சம் கீழ எறங்கிக்கிறீங்களா? கையை ஆட்டிக்கிட்டே நின்னா போட்டோல மறைக்குது.”

“சார், நான் எறங்கிட்டா அவங்களுக்கு ஒண்ணும் புரியாதுங்க.”

“பரவால்லீங்க. அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே?”

பழக்கம்தானே! புரியாமல் உட்கார்ந்திருப்பது ஒருவருக்குப் பழகிவிட்டால், அதையே தொடர்ந்து பரிமாறலாமா?

மெர்சி முகம் சிவக்க இறங்கினார். முன்பக்கம் முழுக்க வீடியோக்காரர்கள். நிற்க இடமில்லாமல் மண்டபத்தின் கடைசிக்குப் போய், சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்று கைகளை உயர்த்தினார்.

முதல் வரிசையில் இருந்த காவ்யா எழுந்தாள். தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கினாள். மெர்சி நின்ற பக்கம் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான். பக்கத்து நாற்காலி திரும்பியது. அடுத்தது... அடுத்த வரிசை... மண்டபமே திரும்பிவிட்டது. மேடைக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள்.

“ஏம்மா! என்ன இது? திரும்புங்க எல்லாரும்!” தலைவர் மைக்கில் கத்தினார். ஆமாம், மைக்கில்தான். வால்யூம் போதவில்லை என்று நினைத்துவிட்டார் போல.

நான் மேடையிலிருந்து இறங்கினேன். என் முறை வந்தபோது மெர்சியின் பக்கத்தில் நின்றே பேசினேன். அவர்கள் கைகளை உயர்த்தி அசைத்தார்கள் – அதுதான் அவர்களுடைய கைதட்டல்.

விழா முடிந்ததும் தலைவர் நேராக எங்களிடம் வந்தார். காவ்யாவைப் பார்க்காமல் மெர்சியைப் பார்த்தே பேசினார்.

“மேடைக்கு முதுகு காட்றதா? அந்தப் பொண்ணை மன்னிப்பு கேக்கச் சொல்லுங்க. இல்லேன்னா அடுத்த வருஷம் எங்ககிட்டேர்ந்து எதுவும் வராது.”

மெர்சியின் விரல்கள் தயங்கித் தயங்கி அதைச் சொல்லின. காவ்யாவின் முகம் ஒரு கணம் வாடிப்போனது. பணம் இல்லையென்றால் முகாம் இல்லை. முகாம் இல்லையென்றால்... அது என்ன என்று அந்த மண்டபத்தில் அவளைவிட யாருக்குத் தெரியும்?

சட்டென்று செல்போனை எடுத்தாள். தமிழில் டைப் அடித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

‘மன்னிப்பு எங்களுக்குக் கேட்காது சார்.’

அவர் இரண்டு முறை படித்தார். விறுவிறுவென்று காருக்குப் போய்விட்டார். அதோடு அவருடைய பணமும் போனது.

காவ்யா அழுதாள். தைரியமாகப் பேசிய பிறகு அழக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா என்ன? நாகூரிலிருந்து வந்த அவள் தோழி கன்னத்தைத் துடைத்துவிட்டு ஏதோ சைகை காட்ட, அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். மெர்சி எனக்கு மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது!

நேற்று காவ்யாவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. சங்கம் கூடிப் பேசியதாம். அடுத்த வருஷம் ஆளாளுக்குப் பங்கு போட்டு முகாமை அவர்களே நடத்தப்போகிறார்கள். ஒரு வாரத்துக்கு இல்லை, மூன்று நாளுக்குத்தான் முடியுமாம். மேடை கிடையாது. எல்லோர் கையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வட்டமாக உட்காருவார்களாம்.

‘நீங்களும் வாங்கக்கா. ஆனா சைகை கத்துக்கிட்டு வாங்க’ என்று முடித்திருந்தாள்.

மெர்சி டீச்சரிடம் சேர்ந்துவிட்டேன். முதல் பாடம் முடிந்தது... என் விரல்கள் இன்னும் உளறுகின்றன.