பச்சைப்பிள்ளைக்குப் பழைய துணி

துணியைத் தொட்டுப் பார்த்த பிறகு சங்கத்துத் தலைவி தன் விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். ஒன்பது வருடமாகிறது. அன்று அவள் சொன்னதையெல்லாம் நம் பழக்கம் அறியாதவள் என்று விட்டுவிடலாம். விரலைத் துடைத்ததை மட்டும் என்னால் விட முடியவில்லை. அவளைவிட அதிகமாக நான் கோபப்பட வேண்டிய ஆள் ஒருத்தி அதே மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுக்குப் பத்து வயது. ஆங்கில வாசிப்பில் வகுப்பில் முதல்.

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். அப்பா மதுரைப் பக்கத்துச் சமையல்காரர். ஒரு டாக்டர் குடும்பம் மொன்றியலுக்கு வந்தபோது சமையலுக்கென்று அவரைக் கூட்டி வந்தது. பிறகு டோர்வலில் விமானப் பயணிகளுக்குச் சாப்பாடு கட்டும் வேலைக்கு மாறினார். அப்போது அங்கிருந்த மற்ற தமிழர்கள் டாக்டர்கள், பேராசிரியர்கள், இன்ஜினியர்கள். அவர்கள் வீட்டு விசேஷங்களில் அப்பா அடுப்படியில் நிற்பார், அம்மா பாத்திரங்களோடு நிற்பாள், நான் கூடத்தில் நின்று இங்கிலீஷ் பேசிக் காட்டுவேன். வீட்டுக்கு வரும் தபாலெல்லாம் நான்தான் படிப்பேன். மின்சாரக் கட்டணத் தாளைப் படித்துச் சொன்னால்கூட, "கலெக்டரம்மா சொல்லிட்டாங்கல்ல, கேட்டுக்க" என்று அப்பா அம்மாவிடம் சொல்வார். அது கேலி என்று எனக்குத் தெரியவில்லை. உத்தியோகம் என்று நினைத்திருந்தேன்.

பார்க்-எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு வீட்டின் மேல்தளத்தில் குடியிருந்தோம். கீழே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. ஆடைத் தொழிற்சாலையிலிருந்து கட்டுக் கட்டாகக் காலர் துணி வரும். அம்மா அதை வீட்டிலேயே தைத்துக் கொடுப்பாள். ஒருநாள் ஏதோ கேட்க மேலே வந்த கீழ்வீட்டுக்காரி, அம்மாவின் தையலைப் பார்த்துவிட்டு வந்த காரியத்தை மறந்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அம்மாவின் கையைப் பிடித்து மாதா கோயிலின் அடித்தளக் கூடத்துக்கு இழுத்துப்போனாள். மொழிபெயர்க்க நானும் போனேன்.

துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கும் பெண்களின் சங்கம் அது. மாதத்துக்கு ஒரு தலைப்பு. அக்டோபரில் உதிர்ந்த இலை, டிசம்பரில் நட்சத்திரம், ஜனவரியில் நீலமும் வெள்ளையுமாகப் பனி. தலைப்பும் நிறமும் அளவும் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுப்பார்கள். ஒவ்வொருத்தியும் அதன்படி ஒரு சதுரம் தைத்து வர வேண்டும். அம்மா அதைக் கட்டம் என்பாள். அடுத்த கூட்டத்தில் எல்லாக் கட்டங்களையும் மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டுச் சீட்டுக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ அவளுக்கே அத்தனை கட்டமும், இணைத்துப் போர்வையாக்கிக்கொள்ளலாம்.

அம்மாவின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. அவளுக்கு அதில் வருத்தமில்லை. அவள் தைத்த நட்சத்திரத்தின் எட்டு முனையும் நடுவில் ஒரே புள்ளியில் போய் நின்றபோது, பெண்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். அது போதும் அவளுக்கு. அந்த ஊரில் அவள் போவதற்கென்று இருந்த ஒரே இடம் அது. மாதத்தில் அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் ஸ்வெட்டருக்கு மேல் நல்ல சேலையைக் கட்டிக்கொள்வாள்.

மார்ச் மாதத்துக்குக் குலுக்கல் இல்லை என்றார்கள். கீழ்வீட்டுக்காரி பிள்ளை உண்டாகியிருந்தாள், ஏப்ரலில் பேறு. அந்த மாதத்துக் கட்டங்களெல்லாம் அவளுக்கு. தலைப்பு, குழந்தை. நிறம், மஞ்சள். நான் படித்துச் சொன்னதும் அம்மா வாயில் கை வைத்தாள்.

"பொறக்குறதுக்கு முன்னாடியேவா தைக்கிறாக? ஆகாதுடி."

"அவங்க அப்படித்தாம்மா. நம்ம ஊரு பேச்செல்லாம் இங்க பேசாத."

"சரி, அவுக வழக்கம் அவுகளுக்கு. நம்ம பங்குக்கு நல்லதாச் செஞ்சு விடுவோம்" என்று எழுந்து போய், கட்டிலடியிலிருந்த பெட்டியை இழுத்தாள்.

அதில் ஒரு மஞ்சள் சுங்குடிச் சேலையின் மிச்சம் இருந்தது. ஊரில் துவைத்துத் துவைத்துப் புள்ளியெல்லாம் மங்கிப் போனது. நான் பிறந்ததும் என்னைச் சுற்றி எடுத்தது அதில்தானாம். எனக்கும் பிறகு தம்பிக்கும் கிழித்தது போக, ஒரு முழத்துக்குச் சற்று அதிகமாகத்தான் இருந்தது. அம்மா அதை வெட்டினாள். வெட்டுவதற்கு முன் வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். மெஷினில் போடாமல் கையால் தைத்தாள். நடுவில் ஒரு கிளி. உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாலும் ஒரு முடிச்சு தெரியாது. முடிச்சு இருந்தால் பிள்ளை உடம்பில் குத்துமாம். எட்டு நாள் காலர் வேலை அப்படியே கிடந்தது. "அவ புள்ள மேல எந் தையல் படணும்டி. இந்த ஊர்ல எனக்குன்னு வந்து கதவத் தட்டுனவ அவ ஒருத்திதான்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை மேசை முழுவதும் மஞ்சள். வாத்து, முயல், சூரியன். எல்லாம் கடையிலிருந்து வந்த மொடமொடப்பு. கீழ்வீட்டுக்காரி ஒரு நாற்காலியில் வயிற்றின் மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். தலைவி வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து, அம்மாவின் கட்டத்தை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தாள். துணியின் வழியே வெளிச்சம் வந்தது. இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். மேசையில் வைத்தாள். விரல்களைத் துடைத்தாள். இது உடுத்திப் பழசான துணியா என்று உன் அம்மாவிடம் கேள் என்று என்னிடம் சொன்னாள். சின்னக் குழந்தை, சுத்தம் முக்கியம் இல்லையா என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள்.

அவள் தலைக்கு நேர் மேலே, சுவரில், சங்கத்தார் வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டும் நூறு வருடத்துப் போர்வை ஒன்று தொங்கியது. செத்துப்போனவர்களின் சட்டைகளை வெட்டித் தைத்தது. அதைப் பார்த்து ஒருத்தியும் விரலைத் துடைத்ததில்லை. அன்று எனக்கு அது உறைக்கவில்லை. இப்போது உறைத்து என்ன?

நான் கேட்டேன். அம்மா சிரித்தாள். இது தெரியாதா இவர்களுக்கு என்கிற சிரிப்பு.

"பழசுதான்னு சொல்லு. பச்சப்புள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. கஞ்சி இருக்கும், மேல் செவந்துரும். நல்லா வாழ்ந்த உடம்புல கெடந்த துணியிலதான் புள்ளைய வாங்கணும், அந்த ஆயுசு அதுக்கும் வரும். எம் புள்ளைகள வாங்குன துணி இது. அதுல நல்ல எடமாப் பாத்து வெட்டுனேன்னு சொல்லு."

நாற்காலியில் இருந்தவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் அம்மா என்ன சொல்கிறாள், சொல் கண்ணே என்றாள். அவள் முகத்தில் ஏளனம் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருந்தது. சொல்லியிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். எனக்கு வார்த்தை தெரியாமலும் இல்லை. ஆயுசுக்கு, மெதுமைக்கு, வழக்கத்துக்கு, எல்லாவற்றுக்கும் என்னிடம் ஆங்கிலம் இருந்தது.

ஏழை என்றால் இரக்கப்படுவார்கள், ஊர் வழக்கம் என்றால் சிரிப்பார்கள் என்று நான் கணக்குப் போட்டேன்.

"நோ மணி" என்றேன். தலைவி காதில் விழாததுபோல் குனிந்தாள். இன்னும் தெளிவாக, பள்ளியில் வாசிப்பதுபோல் சொன்னேன். புதுத்துணி வாங்க எங்களிடம் பணமில்லை, அம்மாவுக்கு வெட்கமாக இருக்கிறது.

அறை முழுவதும் ஒரே சமயத்தில் உருகியது. அந்த உருக்கத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பல்லைக் கடிக்க வருகிறது. ஒருத்தி அம்மாவின் தோளைத் தடவினாள். ஒருத்தி ஓடிப்போய்க் கடைப் பை ஒன்றைக் கொண்டுவந்தாள். எல்லோரும் தங்கள் பையிலிருந்த மிச்சத் துணிகளை அதில் போட்டார்கள், மஞ்சள், பச்சை, பூப்போட்டது, கோடு போட்டது. தலைவி ஊசிப் பொட்டலம் ஒன்றையும் போட்டாள், ஏதோ அம்மாவிடம் ஊசி இல்லாததுபோல. கீழ்வீட்டுக்காரி எழுந்திருக்கப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நல்லபடியாக முடித்துவிட்டேன் என்று நின்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு பையை வாங்கிக்கொண்டு, "தேங்க்யூ" என்றாள். தன் கட்டத்தை மேசையிலிருந்து எடுத்து நான்காக மடித்து இடுப்பில் செருகினாள்.

வழியெல்லாம் பனி உருகிச் சேறாகக் கிடந்தது. "அவங்களுக்கு உன் தையல் ரொம்பப் புடிச்சிருக்கும்மா, அதான் துணி குடுத்தாங்க. அந்தக் கட்டம் மட்டும் நிறம் சேரலையாம்" என்றேன். கேட்காமலே சொன்னேன். "அப்படியா" என்றாள். என் கையை விட்டுவிட்டு, பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்தப் பையிலிருந்து ஒரு துண்டைக்கூட அவள் வெட்டவில்லை. அந்த வீட்டைக் காலி செய்யும்வரை அது அலமாரியின் மேல் அப்படியே இருந்தது. போர்வை அம்மாவின் கட்டம் இல்லாமல் முடிந்தது. அந்த இடத்தில் யாரோ இன்னொரு வாத்தை வைத்தார்கள்.

அம்மா காய்கறி வாங்கும் ஜான்-டலோன் சந்தைக்கு நான் அவளோடு போனதில்லை. சனிக்கிழமை காலையில் எனக்கு நூலகம். கல்லூரிக்குப் போன வருடம்தான் முதல் தடவை கூடப் போனேன். கத்தரிக்காய் விற்ற பிரெஞ்சுக்காரன் விலை சொன்னதும் அம்மா இரண்டு கையையும் விரித்து, "நோ மணி, மிஸ்யே, நோ மணி" என்றாள். அவனும் சிரித்துக்கொண்டே, "முதல் நாளிலிருந்து உன் அம்மா இதையேதான் சொல்கிறாள்" என்று என்னிடம் சொன்னான். அவனுக்கு அது வேடிக்கை. இந்த நாட்டில் அம்மா முதலில் கற்றுக்கொண்ட ஆங்கிலம் அதுதானாம். நான் கத்தரிக்காய்க் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: ஏப்ரலில் கீழ்வீட்டில் ஆண்பிள்ளை பிறந்தது. அம்மா தலையைப் பின்னிக்கொண்டு, இடுப்பில் எதையோ செருகிக்கொண்டு கீழே கிளம்பினாள். நான் செருப்பைத் தேடினேன்.

"நீ எதுக்கு?"

"பேச வேணாமா?"

"வேணாம். நீ படி" என்றாள்.

அதற்குப் பிறகு சங்கத்துக்கும் தனியாகத்தான் போனாள், ஆஸ்பத்திரிக்கும் தனியாகத்தான் போனாள். ஒரு வார்த்தை சொல்லித் தர என்னை அவள் மறுபடி அழைக்கவே இல்லை. அவள் கீழே போன அன்று எங்கள் தரைக்கு அடியிலிருந்து இரண்டு பெண்கள் சிரிக்கும் சத்தம் வந்தது. அம்மா இங்கிலீஷ் கற்றுக்கொண்டுவிட்டாள், இனி எனக்குத் தொல்லை விட்டது என்று சந்தோஷமாகப் புத்தகத்தைத் திறந்தேன்.