காந்தம் அடங்க ஒரு திருத்தணிப் பயணம்

திருத்தணிக்கு எப்படிப் போவது என்று கேட்பவர்களுக்கு, எண்பதுகளின் தொடக்கத்தில் அம்மாவோடு நான் போன கதையைத்தான் சொல்வேன். அப்போது மெட்ராசில் ஆராய்ச்சி மாணவி. சீரியம் என்ற உலோகத்தையும் அலுமினியத்தையும் சேர்த்து உருக்கிப் பொடித்து வைத்திருந்தேன். அதன் காந்தத்தைக் கடுங்குளிரில் அளக்கும் கருவி பம்பாயில் இருந்தது. "இதுல ஒண்ணும் வரலேன்னா படிப்பு போதும், மாப்பிள்ளை பாக்கறேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். பம்பாய் ரயில் எப்படியும் அரக்கோணம் வழியாகத்தான் போகும், முதலில் முருகனைப் பார்த்துவிட்டு அங்கே ஏறிக்கொள்ளலாம் என்றாள் அம்மா.

மெட்ராசிலிருந்து சுமார் எண்பத்தைந்து கிலோமீட்டர். விடியற்காலைப் பேருந்தில் ஏறி, கனகம்மாசத்திரத்தில் டீ குடித்து, ஒன்பது மணிக்குள் இறங்கிவிட்டோம்.

படியேறும்போது அம்மா, "நான் என்னன்னுடி வேண்டிக்கறது?" என்றாள். ஒவ்வொரு சீரியம் அணுவும் ஒரு குட்டிக் காந்தம் என்றேன். நன்றாகக் குளிரவைத்தால் அவை அணிவகுத்து நிற்காமல், சுற்றி ஓடும் எலக்ட்ரான்களிடம் அடங்கிப்போக வேண்டும். அந்த எலக்ட்ரான்களோ பல நூறு மடங்கு கனத்தவைபோல நகரும். ஆடிக் கிருத்திகையன்று இதே படியில் ஏறுகிறவர் மாதிரி. உடம்பு அதேதான், கூட்டம் விடாது.

"அப்ப காந்தம் அடங்கணும், அவ்ளோதானே?"

சந்நிதியில் அதையே வாய்விட்டுச் சொன்னாள். குருக்கள் திரும்பிப் பார்த்தார்.

கீழே பேருந்து நிலையத்தில் கைப்பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அரக்கோணம் வண்டியை விசாரிக்கப் போனேன். பக்கத்தில் பள்ளிப்பட்டுக்காரப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், கையில் நூல் மூட்டை. திரும்பி வரும்போது அவள் பேசுவது கேட்டது.

"இன்னாமா, விபூதி கறுப்பா கீதே?"

"ஹோம ரட்சையா இருக்கும். விசேஷம்" என்றாள் அம்மா.

எங்கள் ஆய்வகத்தில் பொடியை வெள்ளைத்தாளில் பொட்டலமாக மடிப்பதுதான் வழக்கம். கோயிலிலும் அதே மடிப்பு; இரண்டு பொட்டலமும் அந்தக் கைப்பையில்தான் இருந்தன. நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண், "மாமியாருக்கு ஒடம்பு சரியில்ல, பூசி விடறேன்" என்று தன் பங்கை முந்தானையில் முடிந்துகொண்டு, நகரத் தொடங்கிய பள்ளிப்பட்டு வண்டியில் ஏறிவிட்டாள். அம்மாவின் நெற்றியில் கறுப்பாகப் பட்டை. பொட்டலத்தின் மடிப்பில் ஒரு சிட்டிகை மிச்சம்.

"அது விபூதி இல்லம்மா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

இட்ட விபூதியை அம்மா தானாக அழித்து நான் பார்த்ததில்லை; குளித்தாலும் அடுத்ததை இட்ட பிறகுதான் அறையை விட்டு வெளியே வருவாள். அன்று தாளை மடியில் விரித்துக் குனிந்து, அத்தனை பேர் நடுவில், விரலால் நெற்றியைச் சுரண்டினாள். "இது போதுமா பாரு" என்றாள். வியர்வையும் கோயில் விபூதியும் கலந்தது எதற்கும் உதவாது. போதும் என்று சொல்லித் தனியாக மடித்துக்கொண்டேன்.

அரக்கோணம் பதிமூன்று கிலோமீட்டர்தான், ஆனால் ரயிலைப் பிடிப்பவர்கள் ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போகும்போது வேறு பொடி எதுவும் வைத்திருந்தால் கண்ணாடிக் குப்பியில் போட்டுப் பெயர் எழுதுங்கள்.

மடிப்பில் இருந்த சிட்டிகையை வைத்தே பம்பாயில் அளந்தோம். வரைபடத்தில் கோடு நடுங்கியது, ஆனால் காந்தம் அடங்கியது தெரிந்தது. வீட்டில் அம்மா அப்பாவிடம், "என் நெத்தியிலேர்ந்து எடுத்துக் குடுத்தேன், அதுலதான் வந்துது" என்றாள். நான் திருத்தவில்லை. அப்பா அவள் நெற்றியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதன்பிறகு மாப்பிள்ளைப் பேச்சை எடுக்கவேயில்லை.